நாற்பத்தெட்டு மேஜை விரிப்புகள்

வானவடி, புனே
14.7.1997

அன்புள்ள வனஜா,

இரண்டு வருஷமாக எழுதாதவள் இன்றைக்கு என்ன திடீரென்று என்று கவரைப் பிரிக்கும்போதே திட்டியிருப்பாய். திட்டி முடித்துவிட்டுப் படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டு பதினெட்டு நாள் ஆகிறது. கூடம் முழுக்கக் கயிறு. துணிகளுக்கு நடுவே குனிந்துதான் சமையலறைக்குப் போகவேண்டும். வைஷு ஒன்பதாவது போய்விட்டாள். வீட்டில் தமிழில் வாயாடுவாள். நாலு வரி எழுதச் சொன்னால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். இவருக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, லீவில் இருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

சரி, வந்த காரியம். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டால் சோப்பு போட்டதும் சிவக்கிறதே, அதை எப்படி எடுப்பது? காயாத துணியில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்? காலரில் ஏறின வியர்வைப் பழுப்பு, பிளீச்சிங் பவுடர் போடப் போட அதிகமாகிறது. ஏன்? நீதான் இருபது வருஷமாகக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறாய். நான் படித்ததெல்லாம் சாம்பார், ரசத்தில் கரைந்துபோயிற்று.

அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

உன்
பட்டு

*

தஞ்சாவூர்
23.7.1997

என் பிரியமுள்ள பட்டுவுக்கு,

திட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதனால்தான் தாமதம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தோழி எழுதுகிறாள். சாவித்ரி டீச்சர் ரிட்டயர் ஆனது கேட்கவில்லை, எனக்கு முட்டி வலி வந்தது கேட்கவில்லை. காலர் அழுக்கைக் கேட்கிறாள். இருக்கட்டும்.

மஞ்சள், காரம் பட்டால் சிவக்கும். நாம் லேபில் மஞ்சள் தாளை வைத்துக்கொண்டு விளையாடியது மறந்துவிட்டதா? சோப்பை அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். ஈரத்தோடு வெயிலில் போடு. மஞ்சளுக்கு வெயில் ஆகாது, இரண்டு நாளில் வெளுத்துவிடும். பூஞ்சைப் புள்ளிக்குப் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, வடிகட்டின நீரை மட்டும் எடு. கட்டி விழுந்த இடத்தில் துணி ஓட்டையாகும். வியர்வைக்குப் பிளீச் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சோப்பு, வாஷிங் சோடா. பட்டு வேஷ்டி பக்கம் பிளீச்சைக் கொண்டே போகாதே.

ஒன்றை மட்டும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள். பிளீச் இருக்கிற தண்ணீரில் எந்த ஆசிட்டையும் ஊற்றாதே, எலுமிச்சம்பழம்கூட வேண்டாம். வருகிற வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

அவருக்கு உடம்புக்கு என்ன? "கொஞ்சம்" என்றால் எவ்வளவு? அதை எழுது.

அன்புடன்
வனஜா

*

வானவடி
2.9.1997

அன்புள்ள வனஜா,

நீ சொன்னது எல்லாம் பலித்தது! காலர் அப்படியே பால் மாதிரி வந்துவிட்டது. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுகிறாயா? சாவித்ரி டீச்சருக்கு என் நமஸ்காரம் சொல். இப்போது நல்லவளாகிவிட்டேனா?

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கணபதிக்குத் தெருவெல்லாம் பந்தல் போடுகிறார்கள், காது கிழிகிறது. வைஷு நடனத்தில் சேர்ந்திருக்கிறாள்.

இன்னும் இரண்டு மூன்று சந்தேகம். நெய்யும் மசாலாவும் சேர்ந்த கறை ஆறிப்போய்த் தடித்துக் கிடந்தால் முதலில் எதை எடுப்பது, நெய்யையா நிறத்தையா? ஒயின் கறை எதில் போகும்? நாற்பது லிட்டர் தண்ணீருக்குச் சொட்டு நீலம் எத்தனை மூடி? போன தடவை மூலைக்கு மூலை நீலத் திட்டு விழுந்துவிட்டது. கஞ்சி போட்ட துணி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டாமல் இருக்க என்ன சேர்ப்பது?

பதிலை இந்தத் தடவை கொஞ்சம் முன்னதாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

உன்
பட்டு

*

தஞ்சாவூர்
11.9.1997

பட்டு,

முதலில் பதில். நெய்யை எடு, அப்புறம் நிறம். சோப்பைக் குழைத்துத் தடவிச் சுடுதண்ணீரில் ஊறப்போடு. ஒயினுக்கு உடனே பச்சைத் தண்ணீர். காய்ந்திருந்தால் வடிகட்டின பிளீச். நீலத்துக்கு மூடிக்கணக்கு கிடையாது. தனிச் சொம்பில் கரைத்து, வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உள்ளங்கையில் எடுத்துப் பார். லேசாக வானம் தெரிந்தால் போதும். துணியைப் போட்ட பிறகு கை நிற்கவே கூடாது; நின்றால் திட்டு விழும். கஞ்சியில் ஒரு துளி மெழுகு.

இப்போது என் சந்தேகம். நீங்கள் மூன்று பேர். ஒருவர் லீவில் இருக்கிறார், ஒருத்தி பள்ளிக்கூடச் சிறுமி. நாற்பது லிட்டரில் எதை நீலம் போடுகிறாய்? உன் வீட்டில் ஒயின் குடிப்பது யார்? வெங்காயம் நறுக்கினாலே ஜன்னலைச் சாத்துகிற வீடு அது!

போன கடிதத்தில் அவர் உடம்பைப் பற்றிக் கேட்டேன். வைஷுவின் நடனத்தைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய்.

உண்மையை எழுது. இல்லையென்றால் இனிமேல் நீலத்தைப் பற்றி ஒரு வரி வராது.

வனஜா

*

வானவடி
30.9.1997

அன்புள்ள வனஜா,

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எழுதினேனோ என்னவோ.

பிப்ரவரி ஐந்தாம் தேதி காலை ஆபீஸுக்குக் கிளம்பி, சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை வரவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது; நாலில் ஒன்று நமக்குப் புரியும். கம்பெனியில் லீவெல்லாம் தீர்ந்து, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆடிட் செக்‌ஷனில் வலது கை இல்லாதவருக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதினால் நிஜமாகிவிடும் போல இருந்தது.

முகமது ரஃபீக் என்று ஒருவர், அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். ராணுவ அதிகாரிகளின் மெஸ் ஒன்றில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர். இவரைப் பார்க்க வந்தவர், பால்கனியில் காய்ந்த வேஷ்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாபிஜி, எங்க பசங்க வெள்ளைக் கோட்டெல்லாம் சாம்பல் நிறமா ஆயிடுச்சு. ஆறே ஆறு கோட். தப்பா நினைக்காதீங்க." அவர் இந்தியில் கேட்டார், எனக்குத் தமிழில் சுட்டது. ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராகக் கண் முன்னே வந்தார்கள். அப்புறம் வைஷுவின் ஸ்கூல் பை கண்ணில் பட்டது. "கொண்டு வாங்க" என்றேன்.

ஆறு கோட் பன்னிரண்டாயிற்று. மேஜை விரிப்பு வந்தது, கைத்துண்டு வந்தது. இப்போது இரண்டு மெஸ். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையைக் குடியிருப்புச் சொசைட்டியில் கேட்டு வாங்கியிருக்கிறேன். மழைக்காலம் முழுக்க இந்தத் துணிதான் கூடத்தில் தொங்கிற்று. அவர் கட்டிலோடு இருந்தார், பார்க்கவில்லை.

அவருக்குத் தெரியாது, வனஜா. மாடி வீட்டில் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார். சட்டையில் ஒரு மடிப்புத் தப்பினால் மாற்றிக்கொண்டு போகிற மனிதர். ஊரார் எச்சில் பட்ட மேஜைத் துணியைப் பெண்டாட்டி துவைக்கிறாள் என்று தெரிந்தால் அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோகும்.

நீயும் யாரிடமும் சொல்லாதே.

உன்
பட்டு

*

தஞ்சாவூர்
9.10.1997

என் பட்டுவுக்கு,

கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். அடுத்த பீரியடுக்குப் போக முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அழுதேன். அப்புறம் உன் பழைய இரண்டு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். இடிந்துபோய் உட்காரவேண்டிய பெண், "நெய்யையா நிறத்தையா" என்று கேட்டிருக்கிறாள்! அந்தக் கேள்வியை என் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். நானாக இருந்தால் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். நீ மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி வருஷம் தை மாசத்தில் உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பரீட்சைக்கு உட்காராமல் போனாயே. ஹாஸ்டல் வாசலில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான்தான். அழுதுகொண்டே மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதிப்பட்டவளும் நான்தான். நீ எழுதியிருந்தால் அந்த முதல் இடம் எனக்கு வந்திருக்காது. உப்பைக் கண்டுபிடிக்க நான் முழு அட்டவணையும் போட்டுக்கொண்டிருப்பேன். நீ சோதனைக் குழாயை ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரைச் சொல்லிவிடுவாய். இருபது வருஷமாக இது எனக்குள் இருக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்.

ரப்பர் கையுறை போடு. கை பத்திரம். மாடியறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்.

அவரிடம் சொல்லிவிடு என்பது என் எண்ணம். உன் வீட்டை நீ அறிவாய், நான் வற்புறுத்தவில்லை.

என்றும் உன்
வனஜா

*

(தபால் கார்டு)

வானவடி, 18.4.1998

வனஜா, மோசம் போய்விட்டேன். நாற்பத்தெட்டு மேஜை விரிப்பு, எல்லாம் புதுசு, 23ஆம் தேதி பெரிய விருந்து. பிளீச் போட்டதும் மொத்தமும் மஞ்சளாகிவிட்டது. இன்னொரு தடவை போட்டேன், இன்னும் மஞ்சள். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. உடனே எழுது. பட்டு.

*

தஞ்சாவூர்
24.4.1998

பட்டு,

உன் கார்டு இன்றைக்குத்தான் வந்தது. விருந்து நேற்றே முடிந்திருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உன் பக்கத்து வீட்டு நம்பருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஐந்து தடவை போட்டேன், மணியே அடிக்கவில்லை.

அது போர் தண்ணீரா? இரும்பு, பட்டு, இரும்பு! கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பிளீச் பட்டதும் துருவாகி நூலில் உட்கார்ந்துவிடும். பிளீச்சை நிறுத்து. நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி வாசனை சுத்தமாகப் போகவேண்டும். அதற்கப்புறம் சுடுதண்ணீரில் எலுமிச்சை உப்பு. அலசாமல் போடாதே, போடாதே.

என்ன ஆயிற்று என்று எழுது. சோறு இறங்கவில்லை.

வனஜா

*

வானவடி
30.4.1998

அன்புள்ள வனஜா,

சோறு சாப்பிடு. விருந்து நடந்தது. நாற்பத்தெட்டும் போயிற்று, வெள்ளையாக.

நடந்ததைச் சொல்கிறேன். சொசைட்டியில் கோடைக்கு என்று புதுசாகப் போர் போட்டு, அதை மாடித் தொட்டியில் இணைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. உனக்குக் கார்டு போட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இனி ரஃபீக் பாய் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் நினைப்பு. அவர் என்னை நம்பி வாங்கிக்கொடுத்த வேலை. போனால் அவர் வேலையும் போகும்.

அழுதபடியே பார்த்துக்கொண்டிருக்கும்போது குழாய்க்கு அடியில் சிமெண்டுத் தரை கண்ணில் பட்டது. சொட்டின இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு. ஒரு வாரத்துக்கு முன் அது இல்லை. ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, பிளீச் நீரை ஒரு கரண்டி விட்டேன். தேநீர் மாதிரி ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வனஜா! மொட்டை மாடியில் தனியாக நின்று சிரித்தேன்.

மளிகைக் கடையில் லிம்பூ ஸத்வ இருந்ததையெல்லாம் கேட்டேன். "காகூ, ஊறுகாய்க் கம்பெனி வைக்கப்போகிறீர்களா?" என்றான் கடைக்காரன். அதுதான் நம் எலுமிச்சை உப்பு. ஆனால் அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமே. முனிசிபல் தண்ணீர் காலையில் நாற்பது நிமிஷம்தான் வரும். மறுநாள் காலை ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினேன். வீட்டுக்கு இரண்டு வாளி. என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் மாடிப் பாட்டீல் மாமி தானே தூக்கிக்கொண்டு வந்தாள். சுடுதண்ணீர் வைக்க அடுப்பு என் சமையலறையில்தானே இருக்கிறது! வேறு வழியில்லை, துணியைக் கீழே கொண்டுவந்தேன். கதவு திறந்து கிடக்கிறது, வாளி வாளியாக ஆள் வந்துபோகிறது. கூடத்தில் நாற்காலியில் அவர்.

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் எதிரே நின்றேன். "டியூஷன் இல்லை. இதுதான் பண்ணிண்டிருக்கேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். நான் நகரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறார், இனி என்னோடு பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். நடந்து வந்து, என் தோளில் இருந்த விரிப்பின் ஒரு முனையை இடது கையால் இழுத்தார். கதவு நிலையில் முழங்கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, முனையை இறுக்கிப் பிடித்தார்.

"மு... முறுக்கு" என்றார்.

வைஷு உள்ளேயிருந்து, "அப்பா முறுக்கு கேக்கறா, அம்மா!" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் சிரித்தார், வனஜா. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, தோள் குலுங்க. பதினாலு மாசத்துக்கு அப்புறம் சிரித்தார். நான் என் முனையைப் பிடித்து முறுக்கினேன். தண்ணீர் கூடமெல்லாம் ஓடிற்று.

நாற்பத்தெட்டையும் அப்படியேதான் பிழிந்தோம். கடைசியில் அவர் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. போதும் என்றால் கேட்கவில்லை.

உன் கடிதம் இன்று வந்தது. வரிக்கு வரி நான் செய்ததையே எழுதியிருக்கிறாய். மூன்று தடவை அலசினேன், உன்மேல் ஆணை.

அந்த முதல் இடத்தைப் பற்றி நீ எழுதினதற்கு நான் இதுவரை பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்தாயா? இல்லை. ஒருத்தி இருபது வருஷமாக என்னை எண்ணிப் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பதே கர்வமாக இருந்தது. அதை உடனே விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

உன்
பட்டு

*

வானவடி
15.6.1998

சகோதரி வனஜாவுக்குக் கிருஷ்ணஸ்வாமி எழுதுவது.

எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். இடது கை. இந்தக் கடிதத்துக்கு ஆறு நாள் ஆயிற்று. வைஷு தபாலில் சேர்ப்பாள். பட்டுவுக்குத் தெரியாது.

தங்களிடம் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தீபாவளியிலிருந்தே தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஆடிட் பார்த்தவன். டியூஷன் எடுக்கிறவள் கையில் சாக்பீஸ் தூள் இருக்கும், நகக்கண் வெந்திருக்காது. புடவையில் வருகிற வாசனை எனக்குத் தெரியாதா? கேட்க வாய் இல்லை. வாய் இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். அவள் துவைக்கிறாள் என்று வெட்கப்படவில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வெட்கப்பட்டேன். நான் கௌரவம் பார்ப்பேன் என்று அவள் பயந்தாளாமே, அது என் தவறு. இத்தனை வருஷம் அப்படி நடந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது எனக்கு உத்தியோகம் உண்டு. கறை பார்ப்பது. துணி வெளியே போகுமுன் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, குறையிருந்தால் சிவப்பு நூலைச் சுற்றித் திருப்பி அனுப்புவேன். ரொம்பக் கண்டிப்பு என்று புகார். ரஃபீக் பாய் என்னை "இன்ஸ்பெக்டர் ஸாப்" என்கிறார்.

போன திங்கட்கிழமை அவர் இரண்டு அதிகாரிகளின் மனைவிமாரை அழைத்து வந்தார். ஆஸ்பத்திரி ஒன்றின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைக்கத் தருவது பற்றிப் பேச்சு. பட்டு மாடியில் இருந்தாள். மேஜை விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஓர் அம்மாள், "இதை எந்த லாண்டரியில் செய்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள். ரஃபீக் பாய் வாயைத் திறந்தார். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

கம்பெனியில் என் சட்டையைப் பார்த்துப் பலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "வீட்டில்தான்" என்பேன். வீடு துவைக்குமா? ஒரு நாளும் பேரைச் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னேன். வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரும் பொறுமையாக நின்றார்கள். "மேரீ... பத்னீ. பட்டம்மாள்." முழுசாக வந்தது.

தலையைத் திருப்பினால் வாசற்படியில் அவள் நிற்கிறாள், முழங்கை வரை ஈரத்தோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. வந்தவர்களை வா என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி மாடிக்கு ஏறிவிட்டாள். அந்த அம்மாள், கோபமா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மாடியில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட வீணாக்காதவள் அவள். அன்றைக்கு அரைமணி நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் நால்வரும் கீழே காத்துக்கொண்டிருந்தோம்.

தங்கள்
கிருஷ்ணஸ்வாமி